புதன்கிழமைக் கொள்ளு

ஃப்ரீசரில் மேலே கிடந்த பட்டாணிப் பையையும் தேங்காய்த் துருவல் பொட்டலங்களையும் ஒதுக்கியபோது அடியில் ஆறு டப்பாக்கள் தெரிந்தன. நீல மூடி. ஒவ்வொரு மூடியிலும் பேப்பர் டேப் ஒட்டி, கொள்ளுக் கடைசல், இரண்டு பேருக்கு, 17 புதன் என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். ளுவின் சுழியை இவ்வளவு பெரிதாக வேறு யாரும் போட மாட்டார்கள். இன்று ஞாயிறு, இருபத்தொன்று. என் பின்னால் வாஷிங்மெஷின் மேல் இன்னும் ஆறு டப்பாக்கள் இருக்கின்றன, இப்போதுதான் நிரப்பியவை, அவற்றிலும் கொள்ளுக் கடைசல். காலை ஆறரைக்கு எழுந்து, வறுத்து, குக்கரில் ஏழு விசில் விட்டு, சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்துக் கடைந்து, மின்விசிறிக்குக் கீழே ஆறவைத்து, மூடி அடுக்கலாம் என்று வந்தவள் குனிந்தபடியே நிற்கிறேன். குளிர் முகத்தில் அடிக்கிறது. யாராவது வைத்திருப்பார்கள். யார் வைப்பார்கள், இந்த வீட்டில் என் கணவரும் நானும்தான், அவருக்குக் கொள்ளை எத்தனை விசில் விடவேண்டும் என்று தெரியாது, மூடியில் தேதி எழுதவேண்டும் என்று தோன்றாது. நான்தான் செய்திருக்கிறேன். புதன்கிழமை வறுத்து, வேகவைத்து, கடைந்து, எழுதி ஒட்டி, இதே இடத்தில் இதே மாதிரி குனிந்து வைத்திருக்கிறேன். எனக்கு அது ஞாபகம் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. மறந்த விஷயத்தை யாராவது எடுத்துச் சொன்னால் ஆமாம், அன்றைக்கு எண்ணெய் தெறித்ததே என்று ஒரு நூல் கையில் வரும், அதைப் பிடித்து இழுத்தால் மீதி வரும். நூல் இல்லை. காலையில் கொள்ளுப் பாத்திரத்தைத் திறந்தபோது பாதிக்குக் கீழே இருந்தது, போன வாரம் வாங்கியதாயிற்றே, கடைக்காரன் எடை குறைத்துப் போட்டுவிட்டான் என்று மனதுக்குள் திட்டினேன். நீல டப்பாக்கள் குறைகிறதே என்று பார்த்தேன், பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்து அனுப்பியது திரும்பி வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஃப்ரீசரின் மூடியை இறக்கிவிட்டேன். நிறைய நேரம் திறந்து வைத்தால் உள்ளே ஈரம் சேரும், டப்பாக்களின் மேல் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பெட்டியை கொரோனா சமயத்தில் மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து பழைய சாமான் விலைக்கு வாங்கினோம். அப்போது வாரத்தில் நாலு நாள் போனில் சாப்பாடு வரவழைத்துக்கொண்டிருந்தோம், எனக்கு ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுண்டர், அவருக்குப் பம்ப் கம்பெனி, ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து யார் அடுப்பைப் பற்றவைப்பது. கையில் ஒன்றும் தங்கவில்லை, அவருக்கு வயிற்றுப் புண் வேறு வந்தது. இது வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை நாலு மணி நேரம் சமைத்தால் வாரம் முழுக்க ஆயிற்று. பருப்பு வேகவைத்து ஒரு பக்கம், வெங்காயம் தக்காளி தொக்கு ஒரு பக்கம், கொண்டைக்கடலை, கோழிக் குழம்பு, துருவிய தேங்காய். டப்பாவில் மேலே ஒரு விரல் இடம் விடவேண்டும், உறைந்தால் உப்பும். முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவைத்தால் மறுநாள் இளகியிருக்கும். முதலில் வந்தது முதலில் போகவேண்டும், மருந்துக் கிடங்கில் காலாவதித் தேதி பார்த்து அடுக்குவதைப் போலவே இங்கேயும் அடுக்குவேன். செலவு பாதியாகக் குறைந்தது என்று அவர் தன் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லுவார், வளர்மதி மாதிரி யாருக்கு வரும், தேதி போட்டு வைத்திருப்பாள் என்பார். தேதி போட்டு வைத்திருக்கிறேன். தேதி போடவில்லை என்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பன்னிரண்டு டப்பா இருக்கிறது, நிறையச் செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போயிருப்பேன். அப்படி எத்தனை தடவை நினைத்துக்கொண்டு போனேனோ.

புதன்கிழமை. புதன்கிழமை என்ன செய்தேன். அன்றைக்கு அரசு விடுமுறை, புற நோயாளிப் பிரிவு கிடையாது, அதனால் நான் வீட்டில். அது தெரிகிறது. திரைச்சீலைகளைத் துவைத்தேன். இல்லை, திரைச்சீலை துவைத்தது நேற்று, இன்னும் இந்தக் கொடியில்தான் தொங்குகிறது. புதன்கிழமை மழை. மழை செவ்வாய்க்கிழமையா, நனைந்துகொண்டே பஸ் ஏறினேனே, வேலை நாள் என்றால் செவ்வாய்தான். புதன்கிழமை என்று ஒரு பெட்டி இருக்கிறது, திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, சுத்தமாகக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறது. என் பெயர் வளர்மதி. வயது ஐம்பத்து மூன்று. மருந்தாளுநர். இன்று ஞாயிற்றுக்கிழமை. நூறிலிருந்து ஏழு கழித்தால் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. சரியாக வருகிறது. அப்பாவுக்கும் முதல் தடவை சரியாகத்தான் வந்தது. டாக்டர் கேட்டார், அப்பா விரல் மடக்காமல் சொன்னார், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவருக்கு எண்கள் எங்கே போகும். பழனி வண்டி ஆறு பதினைந்து, ஆறு நாற்பது, ஏழு ஐந்து. கடைசி வருடத்தில்கூட அதெல்லாம் அப்படியே இருந்தது. சாப்பிட்டதுதான் இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்த ஈரம் காயும்முன் சமையலறை வாசலில் வந்து நிற்பார். இன்னும் சோறு போடலையா அம்மிணி என்பார். இப்பத்தானே சாப்பிட்டீங்க என்றால் என் முகத்தை உற்றுப் பார்ப்பார், நான் பொய் சொல்கிறேனா என்று தேடுவார். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்காது. ஒருநாள் கோபத்தில் அவர் முன்னால் எச்சில் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன், பாருங்க, இது யார் சாப்பிட்ட தட்டு என்று. தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். யாருதும்மா என்றார். இப்போது அந்தத் தட்டைத்தான் ஆறு டப்பாவாக என் முன்னால் வைத்திருக்கிறார்கள், யாருது என்று கேட்கிறேன். அப்பாவுக்கு ஆரம்பித்தபோது அறுபத்தொன்று. எனக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது என்று ஒரு கணக்கை எந்த நாளில் போட்டு வைத்தேனோ, அது உள்ளேயே இருந்திருக்கிறது, இப்போது தானாக எழுந்து வருகிறது.

வேறு காரணம் இருக்கலாம். தைராய்டு இருந்தால் மறக்கும், பி பன்னிரண்டு குறைந்தால் மறக்கும், தூக்கம் இல்லாவிட்டால் மறக்கும், மாதவிடாய் நிற்கும் வயது, அதிலும் மறக்கும். இதையெல்லாம் கவுண்டருக்கு வருகிறவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன், பயப்படாதீங்க, ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாருங்க என்று. ஆனால் மறதி நோய்க்கான டோனெபெசில் சீட்டோடு வருகிறவர்களிடம் நான் ஒன்றும் சொல்லுவதில்லை. அந்த மாத்திரையை வாங்க நோயாளி வருவது குறைவு, வந்தாலும் கவுண்டருக்கு வரமாட்டார்கள், தூரத்தில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மகளோ மருமகனோ வருவார்கள். அவர்கள் சீட்டை நீட்டும்போதும் திரும்பித் திரும்பி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நோயை நிறுத்தாது, மறதியைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அவ்வளவுதான். அந்த மாத்திரை இருக்கும் அலமாரியின் நான்காவது தட்டு எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன் என்று நினைத்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது. போன மாதம் ஒரு பெண் வலிப்பு மாத்திரை வாங்க வந்தாள், அவளுடைய குழந்தைக்கு, ஆறு வயது. நான் எடுத்துக் கொடுத்தேன். நாலடி போய்த் திரும்பி வந்தாள். அக்கா, எப்பவும் மஞ்சப் பெட்டிதானுங்க குடுப்பீங்க, இது வேற மாதிரி இருக்குதே என்றாள். பார்த்தேன். பெரியவர்களுக்குக் கொடுக்கும் அளவு. இரண்டரை மடங்கு. புது ஸ்டாக் கண்ணு, பெட்டியை மாத்திட்டாங்க, இரு, உனக்குப் பழசே தர்றேன் என்று சொல்லி, சிரித்து, மாற்றிக் கொடுத்தேன். பொய் எவ்வளவு லாவகமாக வந்தது. கூட்டம் அதிகம், அசதி, யாருக்கும் நடப்பதுதான் என்று அன்றைக்கே அதை மடித்து வைத்துவிட்டேன். அவள் பெட்டியின் நிறத்தைக் கவனிக்கிறவளாக இருந்தாள். கவனிக்காதவர்களும் வந்திருப்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள், கண் தெரியாதவர்கள், அக்கா கொடுத்தால் சரியாக இருக்கும் என்று பைக்குள் போட்டுக்கொண்டு போகிறவர்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. திரும்பி வராததற்கு எல்லாம் சரியாக இருந்தது என்று அர்த்தம் இல்லை.

ஹாலில் போன் அடிக்கிறது. பதினொன்று. மகன் நவநீதன்தான், ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத்தான் கூப்பிடுவான். நடந்து போய் எடுத்தேன், சாதாரணமாகப் பேசவேண்டும், என் குரல் எனக்கே கேட்கிறது. "என்னம்மா, குளிருது மாதிரி பேசற" என்கிறான். ஃப்ரீசர்கிட்ட நின்னுட்டு வந்தேன் கண்ணு என்றேன். அடுத்த மாதம் வேறு வீடு பார்க்கிறானாம், இந்த வீட்டில் தண்ணீர் வருவதில்லையாம். "எப்போ முடிவு பண்ணே?" என்றேன். "அதான் நேத்து சொன்னேனேம்மா" என்கிறான். நேற்று அவன் கூப்பிட்டானா. அவன் எப்போதும் இப்படித்தான், அப்பாவிடம் சொன்னதை அம்மாவிடம் சொன்னதாக நினைத்துக்கொள்வான், சின்ன வயதிலிருந்தே அப்படி. அப்படித்தானா. எனக்கு ஒரு சாட்சி வேண்டும், ஆனால் சாட்சியைக் கூப்பிட்டுக் கேட்டால் நான் கேட்டது தெரிந்துவிடும். "ஆமா, சொன்னே" என்றேன். அவன் நிம்மதியாக அடுத்ததற்குப் போய்விட்டான். இப்படித்தான் என் அப்பாவும் செய்தார் என்று இப்போது புரிகிறது. ஆமாமா, ஆமாமா என்று இரண்டு வருடம் தலையாட்டியே ஓட்டினார், நாங்கள் அவர் சாந்தமாகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம்.

போனை அவரிடம் கொடுத்துவிட்டு நேராக ஃப்ரீசருக்கு வந்தேன். பழைய ஆறு இல்லாமல் போனால் புதன்கிழமையும் இல்லாமல் போகும். அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துணி துவைக்கும் தொட்டியில் வைத்தேன், சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன். டேப்பை உரித்துவிட்டால் தேதி போய்விடும், பிறகு எல்லாம் இன்றைக்குச் செய்ததுதான், நிறையச் செய்துவிட்டேன், கீழ்வீட்டுக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று சொல்லிவிடலாம். டேப் வரவில்லை. உறைபனியோடு சேர்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், கொள்ளுக் கடைசல் என்பது போய் சல் மட்டும் நின்றது. விரல் நுனி மரத்துப்போய் எரிய ஆரம்பித்தது. தண்ணீர்ச் சத்தத்தில் அவர் வந்தது கேட்கவில்லை.

"அதை எதுக்கு உரிக்கற?" என்றார்.

"தேதி மாத்தி எழுதிட்டேனுங்க. எல்லாம் இன்னிக்குச் செஞ்சதுதான்."

அவர் தொட்டியைப் பார்த்தார். வாஷிங்மெஷின் மேல் இருந்த ஆறு டப்பாக்களைப் பார்த்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஆச்சரியம் இல்லை. குழந்தைவேல் என்ற இந்த மனிதருக்கு எதையும் முகத்தில் மறைக்க வராது, முப்பது வருடமாகப் பார்க்கிறேன், சீட்டாட்டத்தில்கூடத் தோற்றுத்தான் வருவார். ஆச்சரியம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. அதைப் பார்த்ததும் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன்.

"நாந்தான் அடியில தள்ளி வெச்சேன்," என்றார். "பட்டாணிப் பையை மேல போட்டதும் நாந்தான். தெனம் ஒண்ணா எடுத்துட்டுப் போயி கம்பெனில குடுத்தரலாம்னு பாத்தேன். எட்டு இருந்துது. வியாழன் ஒண்ணு, வெள்ளி ஒண்ணு கொண்டு போனேன். நேத்து நீ இங்கயே துணி தொவச்சுட்டு இருந்த, எடுக்க முடியல."

"புதன்கிழமை நீங்க வீட்ல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"நான் என்ன பண்ணேன்?"

கையை நீட்டிக் குழாயை மூடினார். சத்தம் நின்றதும் வீடு பெரிதாகிவிட்டது போல இருந்தது. "காலைல எந்திரிச்சு அடுப்புப் பத்த வெச்ச. என்ன வளரு இன்னிக்கே சமைக்கறன்னு கேட்டேன். ஞாயித்துக்கெழமை சமைக்காம எப்ப சமைக்கறதுன்ன. வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சுட்டேன். பதினோரு மணிக்கு ஹாலுக்கு வந்து, பையன் ஏன் இன்னும் போன் பண்ணலைன்னு கேட்ட. அரை மணி கழிச்சு மறுக்கா வந்து அதையே கேட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேலையா இருப்பான்னேன்."

"இன்னிக்குப் புதன்கிழமைன்னு சொல்லலையா?"

"சொல்லல."

"ஏனுங்க சொல்லல?"

கண்ணாடியைக் கழற்றிப் பனியன் நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பயமா இருந்துது வளரு," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. கம்பெனியில் கிரேன் சங்கிலி அறுந்து பக்கத்தில் விழுந்த அன்றைக்குக்கூட வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினவர். எத்தனை நாளாத் தெரியும் என்று கேட்டேன். நாலு மாசம் இருக்கும் என்றார். கேஸ் அடுப்பு, வீட்டுச் சாவி, ஒரே கதையை ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை, கல்யாண வீட்டில் அவருடைய தங்கை பெயர் வராமல் நான் நின்றது. ஒவ்வொன்றாகச் சொன்னார், தரையைப் பார்த்தபடி, தான் செய்த குற்றங்களைச் சொல்வது போல. கம்பெனி டாக்டரிடம் விசாரித்தாராம், நரம்பு டாக்டரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறாராம், என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று நாளாக வாயில் வைத்துக்கொண்டு அலைகிறாராம். தைராய்டா இருக்கலாம், சத்துக் கொறைவா இருக்கலாம், அதுக்கெல்லாம் மாத்திரை, ஊசி இருக்குன்னு சொன்னார் என்றார். எனக்குத் தெரியுங்க என்றேன். எனக்கு நன்றாகத் தெரியும். பி பன்னிரண்டு ஊசி ஆறாவது தட்டு, இடது பக்கம். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் திங்கட்கிழமை இருக்கிறது. வாரத்திலேயே அதிகக் கூட்டம் அன்றைக்குத்தான், எட்டு மணிக்குக் கதவு திறக்கும் முன்னாலேயே வராந்தா தாண்டி வரிசை நிற்கும், நாலு கவுண்டரில் இரண்டாவது என்னுடையது, வயதானவர்கள் வரிசை மாறி என் கவுண்டருக்கு வருவார்கள், அந்த அம்மா நிதானமாச் சொல்லிக் கொடுக்கும் என்று.

"நான் ஜெயசீலன் சாருக்குப் போன் பண்ணணும்," என்றேன். அவர்தான் எங்கள் தலைமை மருந்தாளுநர்.

"செவ்வாக்கெழமை டாக்டரைப் பாத்துட்டுச் சொல்லிக்கலாம். என்னன்னே தெரியாம எதுக்கு. நடுவுல ஒரு நாள்தானே."

"ஒரு நாள்தானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன், பின்னாலேயே வந்தார். ஜெயசீலன் சார் பெயரைத் தேடும்போது ஒரு நொடி, ஒரே நொடி, ஜெயசீலனா ஜெயபாலனா என்று ஒரு பள்ளம் வந்தது. இதுகூட எப்போதும் இருந்த தடுமாற்றம்தானா, இனிமேல் எதைத்தான் சாதாரணம் என்று விடுவது. பெயர் திரையில் இருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க மேடம். ஞாயித்துக்கெழமையும் அதுவுமா என்ன விசேஷம்?"

"நாளையிலிருந்து என்னைக் கவுண்டர்ல போட வேண்டாம் சார்."

"லீவா? உடம்பு சரியில்லையா?"

"லீவு இல்ல சார். வர்றேன். ஸ்டோர்ல ஏதாவது வேலை குடுங்க, கூட ஒரு ஆள் இருக்கட்டும். மருந்து எடுத்துக் குடுக்கற வேலை வேண்டாம்." சொல்லிவிட்டு நிறுத்தினேன். இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. இதுவரை அதை எனக்குள்ளேகூட முழுதாகச் சொல்லிப் பார்க்கவில்லை, சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர. "எனக்கு மறந்து போகுது சார்."

டி.வி. சத்தம் நின்றது. அவர் எழுந்து வேறு அறைக்குப் போவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் மேடம் என்று சொல்லிச் சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன், சிரித்துவிட மாட்டாரா என்றும் ஏங்கினேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதுவரைக்கும் யாருக்காவது மாத்திக் குடுத்திருக்கீங்களா?"

பக்கத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார், வேண்டாம் என்று தலையை அசைத்தார், மெதுவாக, கெஞ்சுவது போல. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒண்ணு எனக்குத் தெரியும் சார். கையிலயே திரும்பி வந்துருச்சு," என்றேன். "மத்தது எனக்குத் தெரியல. நாலு மாசத்துச் சீட்டையும் எடுத்து, குடுத்த கணக்கோட ஒத்துப் பாக்கணும்."

"ஏழு மணிக்கு வந்துருங்க," என்றார். "கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்சரலாம். நான் சீட்டைப் படிக்கறேன், நீங்க கணக்குல சரியான்னு பாருங்க."

"இல்லீங்க சார்," என்றேன். "நான் படிக்கறேன். நீங்க பாருங்க."